விசா முடிந்து 47 நாள்: அபராதம் சட்டப்படியானது, ஏஜென்ட் கேட்கும் தொகை அப்படியல்ல

கேள்வி: கோலாலம்பூரில் குடியுரிமை பெற்று வாழும் என் சித்தப்பாவும் சித்தியும் சுற்றுலா இ-விசாவில் மேலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். விசா ஓராண்டுக்கானது என்பதால் அவசரம் இல்லை என்று இருந்துவிட்டோம். ஒரு வருகையில் தொடர்ந்து 90 நாள்தான் தங்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. வந்த 72ஆம் நாள் சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்றோடு 137 நாள் ஆகிறது. ஓர் ஏஜென்ட், இருவருக்கும் சேர்த்து 1,60,000 ரூபாய் ஆகும், திருச்சி விமான நிலையத்தில் தமக்கு ஆள் இருக்கிறது என்கிறார். இருவரின் பாஸ்போர்ட்டையும் 15,000 ரூபாய் முன்பணத்தையும் வாங்கி வைத்திருக்கிறார். விசா முடிந்ததற்காக இப்படிப் பணம் வாங்குவது சட்டப்படி செல்லுமா? சித்தப்பாவைச் சிறையில் வைத்துவிடுவார்களா?

பதில்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். அவை மலேசிய அரசின் ஆவணங்கள். முன்பணத்துக்கு ஈடாகவோ மீதிப் பணத்துக்குப் பிணையாகவோ அவற்றை வைத்துக்கொள்ள ஒரு டிராவல்ஸ் கடைக்காரருக்கு எந்த உரிமையும் கிடையாது. தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்; சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். விசா முடிந்துவிட்டதே, காவல் நிலையத்துக்குப் போனால் நாமே மாட்டிக்கொள்வோமே என்ற உங்கள் பயத்தை மூலதனமாக வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

சட்டப்படி செல்லுமா என்று கேட்டது நியாயமான கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்று சொன்னது. ஆனால் அது நீதிமன்றம் விசாரித்து விதிக்க வேண்டிய தண்டனை. நடைமுறையிலோ உள்துறை அமைச்சகத்தின் உத்தரவின் பேரில் டாலர் கணக்கில் ஒரு தொகையை வசூலித்துக்கொண்டு ஆளை அனுப்பிவந்தார்கள். 2019இல் கொல்கத்தாவில் டெஸ்ட் ஆட்டத்துக்கு வந்திருந்த வங்கதேச கிரிக்கெட் வீரர் சைஃப் ஹசன், விசா முடிந்து இரண்டு நாள் கூடுதலாக இருந்ததற்காக 21,600 ரூபாய் கட்டிய பிறகே ஊர் திரும்ப முடிந்தது. அதே நாட்டின் சிறுபான்மை மதத்தவராக இருந்திருந்தால் அவருக்கு 100 ரூபாயோடு முடிந்திருக்கும். ஒரே தவறுக்கு மதம் பார்த்து இருவேறு தொகை வாங்குவது சமத்துவத்தைச் சொல்லும் அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆனால் ஊருக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் விருந்தாளி நின்று வழக்காடப் போவதில்லை. அந்தத் துணிச்சலில்தான் நிர்வாகமும் நடந்துகொண்டது.

இப்போது நிலைமை வேறு. 2025 செப்டம்பர் 1 முதல் பழைய சட்டம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. இதன் 23ஆம் பிரிவின்படி, விசாக் காலத்துக்கு மேல் தங்குவது மூன்றாண்டு வரை சிறை, அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கக்கூடிய குற்றம். அதே சட்டம், குறிப்பிட்ட குற்றங்களை நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு தொகையைக் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளவும் இடம் தருகிறது; அந்தத் தொகை எவ்வளவு என்பதும் அரசால் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. கூடுதலாகத் தங்கியது 30 நாள் வரை என்றால் 10,000 ரூபாய், 31 முதல் 90 நாள் வரை 20,000, 91 முதல் 180 நாள் வரை 50,000, அதற்கு மேல் ஓராண்டு வரை ஒரு லட்சம், பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் 50,000 கூடி, அதிகபட்சம் மூன்று லட்சம். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: பணம் வாங்குவது சட்டப்படி செல்லும், அரசு வாங்கினால்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 137இல் அனுமதித்த 90 போக 47 நாள். சித்தப்பாவுக்கு 20,000, சித்திக்கு 20,000, ஆக 40,000 ரூபாய். ஏஜென்ட் கேட்பது இதைப் போல நான்கு மடங்கு. மீதி எதற்கு என்று கேட்டால் "மேலே கொடுக்க வேண்டும்" என்பார். அப்படி மேலே போகும் பணத்துக்கு ரசீது வராது. ரசீது வராத பணம் அபராதமாகாது, அதைக் கொடுத்த பின்னும் உங்கள் சித்தப்பா சட்டத்தின் கண்ணில் அபராதம் கட்டாதவராகவே இருப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள். இன்னும் 43 நாள் போனால் கூடுதலாகத் தங்கிய நாளே தொண்ணூறு நிரம்பிவிடும். அதற்கு மறுநாள் தலைக்கு 20,000 என்பது 50,000 ஆகிவிடும். "அடுத்த வாரம் முடிந்துவிடும்" என்று சொல்லியே உங்களை அந்த எல்லைக்குத் தள்ளிவிட்டு, பார்த்தீர்களா, நான் சொன்ன தொகை சரிதானே என்று கேட்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

சிறை பற்றி. தாமாக முன்வந்து, காரணத்தை ஆவணங்களோடு சொல்லி, நாட்டை விட்டுப் போவதற்கு அனுமதி கேட்கும் ஒரு முதியவரைச் சிறையில் அடைப்பதில் யாருக்கும் ஆர்வம் இல்லை. ஆனால் இணக்கமாக முடித்துக்கொள்வது உங்கள் உரிமை அன்று, அது அலுவலரின் விருப்புரிமை. யாரோ தகவல் கொடுத்து, காவல்துறை வீட்டுக்கு வந்து, வழக்குப் பதிவாகிவிட்டால் மேஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியதாகிவிடும். வெளிநாட்டவருக்கு இந்தியாவில் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டே தவிர, இங்கே தங்கியிருக்கும் உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் லூயி டி ரேட் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் "அறுவைச் சிகிச்சை ஆனவரை எப்படி அனுப்ப முடியும்" என்று வாதாடும் மனநிலையை விட்டுவிட்டு, முறைப்படி அனுமதி கேட்கும் மனநிலைக்கு வாருங்கள்.

செய்ய வேண்டியது, மத்திய அரசின் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகம் (எஃப்ஆர்ஆர்ஓ) நடத்தும் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் இருவருக்கும் தனித்தனியாக வெளியேறும் அனுமதிக்கு, அதாவது எக்ஸிட் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பதுதான். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். தேடினால் அசோகச் சின்னத்தைப் போட்டுக்கொண்டு முதலில் வந்து நிற்கும் பல தளங்கள் தனியாருடையவை. விண்ணப்பத்தில் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்கள் குடும்பத்தாருடையதாக இருக்கட்டும். ஏஜென்ட் செய்யும் முதல் வேலை அந்த இரண்டு கட்டங்களிலும் தன்னுடையதை நிரப்புவதுதான். அதன் பிறகு ஓடிபி அவருக்கு வரும், அலுவலகம் கேட்கும் விளக்கம் அவருக்கு வரும், அனுமதிக் கடிதமும் அவருக்கே வரும். அனுமதி எப்போதோ வந்துவிட்டிருக்க, இன்னும் பத்தாயிரம் வேண்டும் என்று உங்களிடம் கறந்துகொண்டிருப்பார்.

இந்தத் தளத்தைப் பயன்படுத்தும்போது பொறுமை வேண்டும். நிழற்படத்தின் அளவு சற்றே கூடினாலும் ஏற்காது. ஒரு பக்கத்தை நிரப்பி முடிப்பதற்குள் நம்மை வெளியே தள்ளிவிடும். என்ன தவறு என்று சொல்லாமல் தவறு என்று மட்டும் சொல்லும். மீனாட்சியம்மன் கோவிலுக்கு உலகமெங்கிலுமிருந்து ஆள் வருகிறார்கள், கொழும்புக்கும் துபாய்க்கும் மதுரையிலிருந்தே விமானம் பறக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம் என்றால் முகம் பார்த்துக் கேட்க எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகம் சென்னை சாஸ்திரி பவனில்தான் இருக்கிறது. இடுப்பில் பிளேட் வைத்தவரை 450 கிலோமீட்டர் கொண்டுபோய்க் காட்டு என்று ஓர் அமைப்பு மறைமுகமாகச் சொல்லும்போது, இடைத்தரகர் முளைக்காமல் என்ன செய்வார்? எழுத்து மூலமான சந்தேகங்களுக்கு உங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் பிரிவை அணுகுங்கள். மேலூர், மதுரை மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்குள் வராது. மதுரை நகருக்குள் தல்லாகுளத்தில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பொய் முகவரி தனிச் சிக்கல்.

இனி மருத்துவக் காரணம். உங்கள் விஷயத்தில் இதுதான் உயிர்நாடி, ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே நோயுற்றுப் பயணம் செய்ய இயலாத நிலைக்கு வந்துவிட்டால், அந்த விசாவை மருத்துவ விசாவாக மாற்றிக் கேட்க வழி உண்டு. சித்தப்பா விழுந்தது 72ஆம் நாள். அப்போது கையில் 18 நாள் இருந்தது. அன்றே மருத்துவமனைச் சான்றோடு விண்ணப்பித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இப்போது காலம் கடந்துவிட்டாலும் அந்தச் சான்று வீணல்ல. வேண்டுமென்றே தங்கவில்லை என்று காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். ஆனால் பெரும்பாலோர் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் பதிவேற்றிவிட்டு இருந்துவிடுகிறார்கள். அதன் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள்: நோயாளி நல்ல நிலையில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார் என்ற பொருளில் ஒரு வாடிக்கையான வாக்கியம் இருக்கும். உங்கள் காரணத்தை அந்த ஒரு வரியே அடித்துவிடும். நல்ல நிலையில் இருந்தவர் ஏன் அன்றே விமானம் ஏறவில்லை என்றுதான் அலுவலர் கேட்பார்.

எனவே அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் தனியாக ஒரு சான்று வாங்குங்கள். எந்தத் தேதியில் விழுந்தார், எந்தத் தேதியில் அறுவைச் சிகிச்சை நடந்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விமானப் பயணத்துக்குத் தகுதியற்றவராக இருந்தார், இப்போது சக்கர நாற்காலி உதவியோடு பயணம் செய்யலாமா என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் வேண்டும். முடிந்தால் அரசு இராசாசி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டி ஒரு கருத்தும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். தேதியை முன்னே பின்னே மாற்றித் தரச் சொல்லி மருத்துவரை வற்புறுத்த வேண்டாம். மருத்துவமனைப் பில்லில் வேறு தேதி இருக்கும்.

சித்தியின் நிலை இதில் வராது. கணவருக்குத் துணையாக இருந்தார் என்பதால் அவருடைய விசா தானாக நீளாது; நோயாளியின் துணைவருக்கும் அதற்கான விசா வகையில் தனியாகத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆகவே அவருடைய 20,000 ரூபாயைத் தனிச் செலவாகவே வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவுக்கும் மருத்துவக் காரணத்தால் தொகை குறையும் என்று எண்ணிக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தரப்பிலும் ஒரு குறை இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்காரர் உறவினரே ஆனாலும், வீட்டில் தங்கவைத்த 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் தகவலைப் பதிவு செய்திருக்க வேண்டும். செய்திருக்க மாட்டீர்கள். நம் பக்கத்தில் சொந்தக்காரர் வந்ததை யார் போய்ப் பதிவு செய்கிறார்கள்? இப்போதாவது உண்மையான வருகைத் தேதியோடு பதிவு செய்துவிட்டு, தாமதத்துக்கான காரணத்தை ஒரு கடிதமாக எழுதி இணையுங்கள்.

மிகக் கடுமையாக எச்சரிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய ஏஜென்ட்டுகளில் சிலர், "கொழும்புக்குப் போய் வந்ததுபோல் ஒரு முத்திரை போட்டுத் தருகிறேன், 90 நாள் புதிதாகத் தொடங்கும்" என்பார்கள். புதிய சட்டத்தின் 22ஆம் பிரிவைப் பாருங்கள்: போலி ஆவணத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை. 20,000 ரூபாயில் முடிய வேண்டிய விஷயம், இரண்டாண்டுக்குக் குறையாத சிறையாக மாறும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஒருவர் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது குடியேற்றத் துறையின் கணினியில் இருக்கிறது. முத்திரை அதன் நிழல் மட்டுமே. பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நீங்கள் கொடுத்தபோது இல்லாத முத்திரை எதுவும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதோடு விமான நிலையத்துக்குப் போகக் கூடாது. உடனே ஒரு வழக்கறிஞரை அணுகிக் காவல்துறையில் புகார் பதிவு செய்யுங்கள்.

திருச்சி விமான நிலையத்தில் ஆள் இருக்கிறார் என்பதும் பழைய பாட்டு. வெளியேறும் அனுமதி இல்லாமல் கவுன்டரில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், டிக்கெட் பணமும் போகும். அனுமதிக் கடிதத்தில் எந்தத் தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கும். அது வந்த பிறகு, அந்தத் தேதிக்குள் கோலாலம்பூர் விமானத்தில் சக்கர நாற்காலி வசதியோடு இடம் பதிவு செய்யுங்கள். இப்போதைக்கு விண்ணப்பத்தில் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையே காட்டுங்கள். அனுமதிக் கடிதம், பணம் கட்டிய ரசீது, மருத்துவச் சான்று ஆகிய மூன்றையும் தாளில் அச்சிட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ரசீதை ஊருக்குப் போன பிறகும் தூக்கிப் போட வேண்டாம்; அடுத்த முறை விசா கேட்கும்போது இந்த 47 நாளைப் பற்றிய கேள்வி வந்தால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

கொடுத்த 15,000 ரூபாயை ஏஜென்ட் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் பணம் அனுப்பிய விவரம் உங்கள் கைப்பேசியில் ஜிபேயிலோ வங்கிக் கணக்கிலோ இருந்தால், அதை அழித்துவிடாமல் படியெடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டைத் தர மறுத்தார் என்று புகார் எழுத நேர்ந்தால், அவர் யார், எதற்காகப் பணம் வாங்கினார் என்பதற்கு அது சாட்சியாகும்.