நன்னாரி வேர் மணக்காதது ஏன்?

திருகோணமலையில், வெருகல் பக்கத்து வேடர் ஊரிலிருந்து வாங்கிவந்த நன்னாரி வேரை அரை மணிநேரம் காய்ச்சியும் மணமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சியதுதான் பிழை. மணம் வேர்த்தோலில் இருக்கிறது, ஆவியோடு போய்விடும். நடுவில் இருப்பது வெறும் கட்டை. வேரைத் தட்டித் தோலைக் கழற்றுங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி, ஒரு தம்ளருக்கு 5 கிராம் தோல் போட்டு மூடிவையுங்கள். உலர்த்துவதும் நிழலில்தான்.

கொடியை நீங்களே தேடினால், ஒடுங்கிய இலையின் நடுநரம்போரம் வெள்ளைக் கீற்று இருக்கிறதா பாருங்கள். கிள்ளினால் பால் வரும், ஆனால் அது வேறு கொடிகளிலும் வரும். வேரைக் கீறி முகருங்கள். மணம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தயவுசெய்து முழுவேரையும் பிடுங்காதீர்கள்! பக்கவேர்களை மட்டும் வெட்டி மண்ணை மூடினால் மாரியில் கொடி மறுபடி தழைக்கும்.