உயிரி ஆற்றல் ஆய்வுக்கு வழிகாட்டி வேண்டுமா? முதலில் கணக்கைப் போடுங்கள்

“உயிரி ஆற்றலில் ஆய்வு செய்ய ஆசைப்படுகிறோம், வழிகாட்ட முடியுமா?” என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்கள் நிறையப் பேர். பதில் வராததும் மனம் ஒடிந்துபோகிறார்கள். ஆனால் ‘உயிரி ஆற்றல்’ (தாவரம், கழிவு போன்றவற்றிலிருந்து பெறும் ஆற்றல்) என்ற சொல்லுக்குள் கழிவு நொதித்து வரும் எரிவாயு, பயோடீசல், எத்தனால், பாசி, நுண்ணுயிர்களால் மின்சாரம் தரும் நுண்ணுயிர் மின்கலம் என்று தனித்தனித் துறைகள் இருக்கின்றன. எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே தெரியாத கடிதத்துக்கு யார்தான் சம்மதம் சொல்வார்?

முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பயோடீசலுக்கு மெத்தனால் வேண்டும். அது நஞ்சு, எளிதில் தீப்பிடிக்கும், புகைபோக்கி அறை இல்லாத ஆய்வகத்தில் தொடவே கூடாது. நுண்ணுயிர் மின்கலத்துக்குச் செலவு குறைவு. ஆனால் மின்தடையை இணைக்காமல் வோல்ட்டை மட்டும் அளந்து காட்டினால், திறன் எவ்வளவு என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. மூன்று மாதம் கையில் இருந்தால், பள்ளி அளவில் எரிவாயுதான் நல்ல தேர்வு என்பது என் கருத்து.

“காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு” என்பது வெறும் தலைப்பு. “கழிவை நறுக்கிப் போடுவதைவிட அரைத்துப் போட்டால் 30 நாளில் அதிக மீத்தேன் கிடைக்குமா?” என்பதுதான் கேள்வி. மீத்தேன்தான் அந்த வாயுவில் எரியும் பகுதி. கேள்வி இந்த அளவுக்குச் சுருங்கியதும் வேலையின் அளவு தெரிந்துவிடும். அரைத்தது, நறுக்கியது, கழிவே சேர்க்காத நொதிச்சேறு என மூன்று வகை, வகைக்கு மூன்று பாட்டில், மொத்தம் ஒன்பது. நொதிச்சேறு என்றால் வாயு தரும் நுண்ணுயிர்கள் வாழும் சேறு, அது ஒன்பதிலும் இருக்கும். எல்லாம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சேறு மட்டும் உள்ள பாட்டிலை விட்டுவிடாதீர்கள். சேறு தானாகவும் கொஞ்சம் வாயு தரும். அதைக் கழித்தால்தான் கழிவு தந்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்.

பெரும்பாலான முயற்சிகள் கெடுவது அளவில்தான். சேறு பாதி, கழிவு பாதி என்று நிரப்பினால் சில நாளில் அமிலம் பெருகி பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். முதல் நாட்களில் வாயு நிறைய வந்தாலும் அதில் பெரும்பங்கு கார்பன் டைஆக்சைடு. எடையை எரியும் கரிமப்பொருளின் அடிப்படையில் கணக்கிட வேண்டும். சேற்றில் இரண்டு பங்கு, கழிவில் ஒரு பங்கு. மாதிரியை 105 டிகிரியில் உலர்த்தி எடைபோட்டு, பிறகு 550 டிகிரியில் எரித்து எடைபோட்டால், எரிந்து போன எடைதான் அந்தக் கரிமப்பொருள். உதாரணமாக, ஒரு கிராம் சேற்றில் 0.018 கிராம், ஒரு கிராம் கழிவில் 0.18 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 400 கிராம் சேற்றில் 7.2 கிராம் ஆகிறது. அதில் பாதி 3.6, அதாவது வெறும் 20 கிராம் கழிவு! இந்த 20 கிராமிலிருந்தே ஒரு லிட்டருக்கு மேல் மீத்தேன் வரலாம். ஆகவே வாயு வெளியேறக் குழாய் இல்லாமல் பாட்டிலை இறுக மூடி வைக்கவே கூடாது, வெடிக்கும். வாயுவை அந்தக் குழாய் வழியாகச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் செலுத்தினால் கார்பன் டைஆக்சைடு கரைந்துவிடும். மிஞ்சுவதை நீர் இடப்பெயர்ச்சி முறையில், அதாவது வாயு வெளியே தள்ளும் நீரின் அளவைக் கொண்டு, அளக்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வாயுவைக் கொளுத்திப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

இப்போது உங்களிடம் இல்லாதவை எவை என்று புரிந்திருக்கும்: 550 டிகிரி வரை சூடாக்கும் மஃபிள் உலை, நல்ல நொதிச்சேறு, கணக்கைச் சரிபார்க்க ஒரு ஆள். மூன்றும் ஒரே பேராசிரியரிடம் இருக்க வேண்டியதில்லை. சேறு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலோ இயங்கிக்கொண்டிருக்கும் எரிவாயுக் கலனிலோ கிடைக்கும். அங்கே கலனை இயக்குபவர் சொல்லும் ஒரு குறிப்பு பல கட்டுரைகளுக்குச் சமம். உலைக்குக் கல்லூரியின் சுற்றுச்சூழல் அல்லது வேதியியல் ஆய்வகம். கணக்கைப் பார்க்க முனைவர் பட்ட மாணவர். பேராசிரியரைவிட அவரிடம் நேரம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடிதம் பத்து வரிக்குள் இருக்கட்டும்.

“வணக்கம் ஐயா. நாங்கள் மூவர், மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். காய்கறிக் கழிவை அரைப்பதால் மீத்தேன் கூடுமா என்று ஒன்பது பாட்டில்களில் 30 நாள் சோதிக்க இருக்கிறோம். திட்டத்தை ஒரு பக்கத்தில் இணைத்துள்ளோம். எங்கள் பள்ளியில் மஃபிள் உலை இல்லை. ஆறு மாதிரிகளை எரித்து எடைபோட உங்கள் ஆய்வகத்தில் ஒரு நாள் அனுமதி கிடைக்குமா? எங்கள் ஆசிரியர் உடன் வருவார். இந்த மின்னஞ்சலின் நகல் அவருக்கும் போகிறது.”

‘ஒரு வருடம் வழிகாட்டுங்கள்’ என்று கேட்டால் தயங்குகிறவர் ஒரு நாளைக்குச் சம்மதிப்பார். அந்த ஒரு நாளில்தான் பழக்கம் தொடங்கும். ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். பிறகு அடுத்தவரிடம் போங்கள்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். கழிவுநீர்ச் சேற்றில் நோய்க்கிருமிகள் இருக்கும். வேலை பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் நடக்கட்டும், சமையலறையில் வேண்டாம். ஐசெஃப் (பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல் கண்காட்சி) போன்ற போட்டிக்குப் போவதாக இருந்தால், மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் தேதி சோதனை தொடங்கும் நாளுக்கு முன்னதாக இருக்க வேண்டும். சோதனை முடிந்த பிறகு கையெழுத்துக்கு ஓடிப் பயனில்லை.

முதல் சந்திப்புக்கு ஒரு பக்கத் திட்டமும் தையல் போட்ட நோட்டும் கொண்டுபோங்கள். “எங்கள் திட்டத்தில் முதலில் எது கெடும்?” என்று கேளுங்கள். சொல்வதை அங்கேயே எழுதிக்கொண்டு, அன்று மாலையே திருத்திய திட்டத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.