சார்ட்டர் ஸ்கூலுக்கு மூன்று ஆண்டுதான் ரினியூவல் என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: நார்த் கரோலினாவில் கேரி பக்கம் புதிதாக வந்திருக்கிறோம். மகளுக்கு ஒரு சார்ட்டர் ஸ்கூலில் லாட்டரியில் இடம் விழுந்திருக்கிறது. ஆனால் மாநில போர்டு அந்தப் பள்ளிக்கு மூன்று ஆண்டுக்கு மட்டும்தான் ரினியூவல் கொடுத்திருக்கிறதாம். சேர்க்கலாமா? இந்த போர்டில் இருப்பவர்கள் யார்? இவர்கள் நினைத்தால் பள்ளியையே மூடிவிட முடியுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும், மூடியும் இருக்கிறார்கள். அதற்காக மூன்று ஆண்டு என்று கேட்டதுமே இடத்தை விட்டுவிட வேண்டியதில்லை. பத்து ஆண்டு கிடைத்த பள்ளி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். எத்தனை ஆண்டு கொடுத்தார்கள் என்பதைவிட ஏன் அவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். அந்தக் காரணம் பொதுப் பதிவாகவே இருக்கிறது. நம் ஆட்கள் வாட்ஸப் குழுவில் இருபது பேரிடம் "ஸ்கூல் எப்படி?" என்று கேட்பார்கள், இதை மட்டும் படிக்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து வந்த புதிதில் எல்லோரும் கேட்பது, "சார்ட்டர் ஸ்கூல் என்றால் நம்ம ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரியா?" பாதி சரி. பணம் அரசுடையது, கட்டணம் கிடையாது, நடத்துவது தனி அமைப்பு. ஆனால் இங்கே எல்லாம் ஒரு ஒப்பந்தத்தில் நிற்கிறது, அந்த ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு. அதைப் புதுப்பிப்பதுதான் ரினியூவல். 1991இல் மினசோட்டா மாநிலம்தான் இதற்கு முதல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. நார்த் கரோலினா 1996இல் சட்டம் கொண்டுவந்தது. மொத்தம் 100 பள்ளிக்கு மேல் கூடாது என்று வைத்திருந்த வரம்பை 2011இல் எடுத்துவிட்டார்கள். இன்று 200ஐத் தாண்டிவிட்டது.

பேரம் இதுதான்: மாவட்டப் பள்ளிகளுக்கு, அதாவது வழக்கமான அரசுப் பள்ளிகளுக்கு, உள்ள பல விதிகளிலிருந்து உங்களுக்கு விலக்கு, பதிலுக்கு நீங்கள் ரிசல்ட் காட்ட வேண்டும். இந்த மாநிலத்தில் சார்ட்டர் பள்ளி ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் இருந்தால் போதும். மாவட்டப் பள்ளிபோல் பஸ் விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மதியச் சாப்பாடு போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. (கார்பூல் வரிசையில் காலையில் முக்கால் மணி நேரம் நிற்கும்போது இந்த "விலக்கு" நன்றாகவே புரியும்.) இவ்வளவு சுதந்திரம் கொடுத்துவிட்டு, கெட்டுப்போன பள்ளியை மூடும் துணிச்சல் போர்டுக்கு இல்லையென்றால் மொத்த ஏற்பாட்டுக்கும் அர்த்தமில்லை.

சரி, அந்த போர்டு யார்? 2023க்கு முன்பு இரண்டு படி இருந்தது. சார்ட்டர் பள்ளிகளுக்கான ஆலோசனைக் குழு ஒன்று விண்ணப்பங்களையும் ரினியூவல்களையும் பார்த்துப் பரிந்துரை செய்யும். கையெழுத்துப் போடுவது மாநிலக் கல்வி வாரியம். 2023 ஆகஸ்டில் கவர்னர் ராய் கூப்பரின் வீட்டோவை மீறிச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆலோசனைக் குழு அன்றிலிருந்து "ரெவ்யூ போர்டு" ஆனது. புதிய பள்ளிக்கு அனுமதி, ரினியூவல், ரத்து எல்லாம் இனி அதன் கையில். மாநிலக் கல்வி வாரியத்துக்கு மேல்முறையீடு மட்டும்தான் போகும்.

இதில் பலர் கவனிக்காதது, யாரை யார் நியமிக்கிறார்கள் என்பது. மாநிலக் கல்வி வாரியத்தில் 13 பேர், அவர்களில் 11 பேர் கவர்னர் நியமனம். ரெவ்யூ போர்டில் 11 பேருக்கு வாக்கு, அவர்களில் 8 பேரைப் போடுவது சட்டமன்றம். சார்ட்டர் பள்ளிகள் பெருக வேண்டும் என்று நினைக்கும் சட்டமன்றம், கவர்னர் கையிலிருந்த முடிவைத் தன் ஆட்கள் கைக்கு மாற்றிக்கொண்டது. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. சார்ட்டர் பள்ளியை நடத்திப் பார்த்தவர்கள்தான் அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் "மாநிலம் அங்கீகரித்த பள்ளி" என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது, எந்த மாநிலம், எந்தப் பதினொரு பேர் என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது.

இப்போது உங்கள் மூன்று ஆண்டுக்கு வருகிறேன். இங்கே சட்டப்படி ரினியூவல் என்றாலே பத்து ஆண்டுதான் இயல்பு. மூன்று விஷயங்களில் ஏதாவது இடித்தால்தான் குறையும். கடந்த மூன்று ஆண்டு ஆடிட்டில் நிதிநிலை சரியில்லை என்பது ஒன்று. மாணவர்களின் தேர்ச்சி அதே பகுதி மாவட்டப் பள்ளிகளோடு ஒப்பிடும் அளவுக்கு இல்லை என்பது இன்னொன்று. சட்டத்தையோ ஒப்பந்தத்தையோ மீறியிருக்கிறார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றில் எது உங்கள் பள்ளிக்கு இடித்தது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

தேர்ச்சி என்றால் நான் அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இந்த மாநிலத்தில் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை கிரேடு போடுகிறார்கள். அதில் 80 சதவீதம் பிள்ளைகள் தேர்வில் வாங்கும் மதிப்பெண். 20 சதவீதம்தான் அந்த ஓராண்டில் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்ற வளர்ச்சிக் கணக்கு. மோரிஸ்வில், கேரி பக்கம் பெற்றோர் இருவரும் சாஃப்ட்வேரில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளாகச் சேர்ந்துவிட்டால், பள்ளி ஒன்றும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் ஏ வந்துவிடும். சாயங்காலம் கணக்கு ட்யூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது நாம், பெயர் பள்ளிக்கு. வசதியில்லாத பிள்ளைகளைச் சேர்த்து, ஆண்டுக்கு ஆண்டு தூக்கி நிறுத்தும் பள்ளிக்கு சி வரும், ரினியூவலும் குறையும். அதனால் கிரேடைத் தாண்டி, வளர்ச்சி "எதிர்பார்த்ததைவிட அதிகம்" என்று இருக்கிறதா, "எட்டவில்லை" என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேர்ச்சி குறைவு, வளர்ச்சி அதிகம் என்றால் அந்த மூன்று ஆண்டுப் பள்ளியில் என் பிள்ளையை நான் சேர்ப்பேன்.

ஆடிட் என்றால் கதை வேறு. சார்ட்டர் பள்ளிக்குப் பணம் பிள்ளையின் தலையை எண்ணித்தான் வரும். மாநிலப் பங்கு நேரே வரும், கவுன்ட்டி, அதாவது உள்ளூர் அரசு, கொடுக்கும் பங்கைப் பள்ளி மாவட்டம் பிரித்துக் கொடுக்க வேண்டும். நூறு பிள்ளை வருவார்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டட வாடகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுபது பேர் வந்தால், அந்த ஓட்டையை அடைக்க வழி கிடையாது. கல்வி சரியில்லாத பள்ளி பல ஆண்டு இழுத்துக்கொண்டு போகும். பணம் இல்லாத பள்ளி நடு வருடத்தில் கதவைச் சாத்தும்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் உறுத்துவது. ராலேயில் டார்ச்லைட் அகாடமி என்ற பள்ளியின் ஒப்பந்தத்தை 2022 மார்ச்சில் மாநிலக் கல்வி வாரியம் ரத்து செய்தது. முக்கியமான குற்றச்சாட்டு சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்கான திட்டத்தைச் சரியாக நடத்தவில்லை என்பது. ஆவணங்களில் கை வைத்ததாகவும் புகார் இருந்தது, பள்ளியை நடத்திய மேலாண்மை நிறுவனத்தின் பண விவகாரங்களும் விசாரணைக்கு வந்தன. அதே நிர்வாகத்தின் கீழ் இருந்த, பெர்ட்டி கவுன்ட்டியின் த்ரீ ரிவர்ஸ் அகாடமி அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. கிரேடு அட்டையைப் பார்த்து இதையெல்லாம் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. போர்டு கூட்டங்களில் பல மாதமாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டங்களை இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். என் பிள்ளைகள் படித்த பள்ளியின் ரினியூவல் வந்தபோது நான் உட்கார்ந்து பார்த்தேன். ப்ரின்சிபால், பள்ளியின் தலைவர், கணக்காளர் மூவரும் மேசைக்கு இந்தப் பக்கம். போர்டு உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "மாவட்டத்தில் இருப்பதில் பாதி அளவுகூட உங்களிடம் சிறப்புக் கல்விப் பிள்ளைகள் இல்லையே, ஏன்?" பள்ளித் தலைவர், "லாட்டரியில் வருபவர்களைத்தான் எடுக்கிறோம்" என்றார். "லாட்டரியில் வந்தபிறகு போனவர்கள் எத்தனை பேர்?" என்றார் அவர் விடாமல். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கணக்காளர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். ஆண்டுக் கட்டுரைப் போட்டி, ரோபாட்டிக்ஸ் கோப்பை என்று அவர்கள் கொண்டுவந்திருந்த அழகான ஸ்லைடுகளைவிட அந்தச் சில நொடி எனக்கு அதிகம் சொன்னது. பத்து ஆண்டு கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கண்காணிப்பு என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, கண்காணிப்பவருக்கு எங்கிருந்து சம்பளம் வருகிறது என்பதும் இருக்கிறது. ஓஹையோவில் மாநிலம் நேரடியாகப் பார்க்காமல் "ஸ்பான்ஸர்" என்ற இடைநிலை அமைப்புகளை வைத்தார்கள். அந்த ஸ்பான்ஸர், பள்ளிக்கு வரும் மாநிலப் பணத்தில் 3 சதவீதம் வரை கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளி பெருத்தால் கண்காணிப்பவருக்கும் வரும்படி பெருக்கும். ஈகாட் என்று எல்லோரும் சொன்ன இணையவழிப் பள்ளி அங்கே அப்படித்தான் வளர்ந்தது. 2015-16 ஆண்டுக்கு 15,000 பிள்ளைகளுக்கு மேல் கணக்குக் காட்டிப் பணம் வாங்கியது. மாநிலக் கல்வித் துறை வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தபோது சுமார் 6,300 பேருக்குத்தான் ஆதாரம் இருந்தது. சுமார் 6 கோடி டாலரைத் திருப்பிக் கொடு என்றார்கள். 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில் பள்ளி மூடியது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடினார்கள். தவறைக் கண்டுபிடித்ததும் கண்காணிப்புதான், பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டதும் அதே கண்காணிப்புதான். காலம் கடந்து செய்தால் அப்படித்தான் ஆகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது பணமும் மதிப்பெண்ணும் சம்பந்தப்பட்டதல்ல. ஒக்லஹோமாவில் 2023 ஜூனில், மாநிலத்தின் இணையவழிச் சார்ட்டர் போர்டு 3-2 என்ற கணக்கில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுமதி கொடுத்தது. மதப் பாடத்தோடு, அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. ஆதரித்த மூவரில் ஒருவர் வாக்கெடுப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் நியமிக்கப்பட்டவர்! மாநில அட்டர்னி ஜெனரல் ஜென்ட்னர் ட்ரம்மண்ட், குடியரசுக் கட்சிக்காரர், தன் மாநிலத்தின் போர்டு மீதே வழக்குப் போட்டார். 2024இல் ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாது என்றது. வழக்கு வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஏமி கோனி பேரட் விலகிக்கொண்டதால் 2025 மே மாதம் 4-4 என்று நின்றது. மாநிலத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, கேள்விக்கு நாடு முழுவதுக்குமான விடை வரவில்லை.

அந்தக் கேள்வி, சார்ட்டர் பள்ளி அரசா தனியாரா என்பதுதான். நம் மாநிலத்துக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. ப்ரன்ஸ்விக் கவுன்ட்டியில் ஒரு சார்ட்டர் பள்ளி, பெண் குழந்தைகள் பாவாடைதான் போட வேண்டும், பேன்ட் கூடாது என்று விதி வைத்திருந்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நாங்கள் தனியார் அமைப்பு, அரசியல் சாசனம் எங்களைக் கட்டாது என்றது பள்ளி. 2022இல் நான்காவது சர்க்யூட் நீதிமன்றம் (நம் மாநிலத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்), அரசுப் பணத்தில் அரசின் வேலையைச் செய்கிறாய், நீயும் அரசுதான் என்று தீர்ப்புச் சொன்னது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்கவில்லை. ஆகவே உங்கள் மகளுக்கு மாவட்டப் பள்ளியில் உள்ள அரசியல் சாசன உரிமைகள் அங்கேயும் உண்டு. அட்மிஷன் பேப்பரில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அசர வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ரெவ்யூ போர்டின் கூட்டக் குறிப்புகளில் பள்ளியின் பெயரைத் தேடி, ரினியூவல் முடிவுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆடிட் அறிக்கையில் கடைசிப் பக்கங்களில் "ஃபைண்டிங்ஸ்" என்று ஒரு பகுதி இருக்கும், அதை விடாதீர்கள். பள்ளிக்கென்று ஒரு நிர்வாகக் குழு உண்டு. அதன் கூட்டம் சட்டப்படி பொதுக் கூட்டம், எந்தப் பெற்றோரும் போய் உட்காரலாம். ஒரு முறை போய், மேலாண்மை நிறுவனம் இருந்தால் அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பதில் சொல்பவர் குழு உறுப்பினரா, அந்த நிறுவனத்தின் ஆளா என்பதையும் கவனியுங்கள். குழுவில் இருப்பவர்களுக்கே பதில் தெரியாமல் அந்த நிறுவனத்தின் ஆள் சொன்னால், நானாக இருந்தால் லாட்டரி இடத்தை வேறு யாருக்காவது விட்டுவிட்டு உங்கள் வேக் கவுன்ட்டியின் மாவட்டப் பள்ளிக்கே போய்விடுவேன். அங்கே பஸ்ஸும் வரும்.