டிஸ்க் மேலேயே லேபிள் அச்சிடுவது: கேள்வி பதில்

கேள்வி: சார், எப்சன் எல்805 ப்ரிண்டர் வைத்திருக்கிறேன். டிவிடி மேல் அடித்தால் மை முத்து முத்தாக நிற்கிறது, விரல் பட்டால் அழிகிறது. எந்த செட்டிங்கை மாற்றணும்?

பதில்: செட்டிங்கில் ஒன்றும் இல்லை, டிஸ்க்தான் தப்பு. மையை உறிஞ்சும் பூச்சு மேலே இருக்கணும். உறையில் ‘இங்க்ஜெட் ப்ரிண்டபிள்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ‘தெர்மல் ப்ரிண்டபிள்’ என்று ஒரு வகையும் வெள்ளையாகவே வரும். அது வேறு மெஷினுக்கானது, அதில் இங்க்ஜெட் மை ஒட்டாது.

கேள்வி: அண்ணா, நடுவில் பெரிய வட்டம் வெள்ளையாக விட்டுப்போகிறது. முழுசாக அடிக்க முடியாதா?

பதில்: டிஸ்க்கைப் பொறுத்தது. சிலவற்றில் பூச்சு சுமார் 46 மி.மீ. விட்டத்திலிருந்துதான் தொடங்கும். ‘ஹப் ப்ரிண்டபிள்’ கேட்டு வாங்கினால் 22, 23 மி.மீ. வரை உள்ளே போகலாம். எப்சனின் ப்ரிண்ட் சிடி மென்பொருளில் உள்விட்டத்தை 18 முதல் 46 வரையும், வெளிவிட்டத்தை 114 முதல் 120 வரையும் மாற்றலாம். வெளியே 120 வேண்டாம். ஓரத்தைத் தாண்டிய மை, டிஸ்க்கை வைக்கும் ட்ரேயில் ஒட்டி, அடுத்த டிஸ்க்கின் அடிப்பக்கத்தைக் கறையாக்கும். 116 அல்லது 117 போதும்.

கேள்வி: படம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. எத்தனை டிஸ்க்கை வீணாக்குவது?

பதில்: ஒரு பழைய டிஸ்க் போதும். வெளிவிட்டத்தை 116 என வைத்து, ஓரத்தில் மெல்லிய வட்டக்கோடு மட்டும் அடியுங்கள். டிஸ்க் 120 மி.மீ., ஆகவே சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி வரணும். இடதில் 1, வலதில் 3 வந்தால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 1 மி.மீ. வலப்பக்கம் நகர்த்தணும். 2 நகர்த்திவிட்டு மறுபக்கம் ஒதுங்குகிறதே என்று புலம்புபவர்கள்தான் அதிகம்! மேல்-கீழுக்கும் இதே கணக்கு. அடுத்த சோதனைக்குக் கோட்டின் நிறத்தை மாற்றினால் அதே டிஸ்க்கிலேயே அடிக்கலாம். திருத்தியும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பக்கம் ஒதுங்கினால் டிஸ்க் ட்ரேயில் சரியாக உட்காரவில்லை. நடுக்குமிழில் அழுத்திப் பதியுங்கள்.

கேள்வி: முதலில் டிஸ்க்கில் தகவலை ரைட் பண்ணுவதா, மேலே அச்சிடுவதா?

பதில்: ரைட் பண்ணி, ஓட்டிப் பார்த்து, பிறகு அச்சிடுங்கள். அச்சிடும்போது அடிப்பக்கத்தில் தூசி, விரல்ரேகை, கீறல் ஏதாவது விழுந்தால் ரைட்டிங் பாதியில் பிழையாகும். ரைட் ஆகாத டிஸ்க்குக்கு மையும் தண்டம். அச்சிட்டபின் 24 மணி நேரம், வெயில் படாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் காயவிடுங்கள்.

கேள்வி: கல்யாண ஆல்பம் டிவிடி சார். கருப்புப் பின்னணி போட்டால் நாள் கழிந்தும் பிசுபிசுக்கிறது, ஈரக்கை பட்டால் ஊறுகிறது.

பதில்: பூச்சு தாங்குவதைவிட மை அதிகம். அடர்த்தியைக் குறையுங்கள், முழுக்கருப்பைத் தவிருங்கள். எல்805-இன் மை டை வகை, அதாவது சாய மை, தண்ணீர் பட்டால் கரையத்தான் செய்யும். ஈரம் தாங்கும் பளபளப்புப் பூச்சு டிஸ்க் விலை கூடுதல். கல்யாண வேலைக்கு அது தகும். படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1417 பிக்சல் சதுரமாகத் தயார் செய்யுங்கள்.

கேள்வி: இவ்வளவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமே?

பதில்: வேண்டாம். 16எக்ஸ் வேகத்தில் டிவிடி நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழலும். ஸ்டிக்கர் கொஞ்சம் மையம் விலகினாலும் அதிரும். நாளாக ஓரம் உரிந்து ட்ரைவுக்குள் மாட்டும். ஒட்டியதை உரிப்பது இன்னும் மோசம். சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்க லேக்கருக்கு (மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) நேர் கீழே இருக்கிறது, ஸ்டிக்கரோடு அதுவும் பெயர்ந்து வரும். டிவிடியில் அது 0.6 மி.மீ. தகடுகள் இரண்டுக்கு நடுவே இருப்பதால் பெயராது. ஆனால் ஸ்டிக்கர் சுருங்கினால் தகடு வளையும்.

கேள்வி: லைட்ஸ்க்ரைப் ட்ரைவ் ஒன்று சும்மா கிடக்கிறது. மையே வேண்டாமாமே?

பதில்: ஆமாம், டிஸ்க்கைத் திருப்பிப் போட்டால் லேசரே வரையும். ஆனால் லைட்ஸ்க்ரைப் பூச்சுள்ள டிஸ்க் வேண்டும், அது பழைய ஸ்டாக்கில் கிடைத்தால் உண்டு. ஒரே நிறம்தான், முழுப் பரப்புக்கு நேரம் நிறையப் பிடிக்கும். வெளிர்ந்து தெரிந்தால் அதன்மேலேயே இன்னொரு முறை ஓட்டுங்கள், கருமை கூடும். வெளிச்சத்தில் மங்கும் என்பதால் உறைக்குள்ளேயே வையுங்கள்.