குழந்தையின் படிப்பில் பெற்றோருக்குச் சட்டம் தந்துள்ள இடம்: கேள்வி பதில்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான இச்சட்டத்தைப் பலரும் தனியார் பள்ளியில் இலவச இடம் பெறுவதற்கான வழியாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அது பள்ளியை நடத்துவதிலும் பெற்றோருக்குப் பங்கு தந்திருக்கிறது என்பதே தமிழ்நாட்டுப் பெற்றோர் கேட்ட இக்கேள்விகளுக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. அப்படியிருக்கப் பள்ளி மேலாண்மைக் குழு எதற்கு?

கழகம் பழைய அமைப்பு. நன்கொடை திரட்டுவது, ஆண்டு விழா நடத்துவது, சிறு பழுதுகளைச் சரிசெய்வது என்று அது செய்துவந்த பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் பொறுப்புகளில் ஊரில் செல்வாக்குள்ளவர்களே பெரும்பாலும் அமர்ந்தார்கள். மேலாண்மைக் குழுவோ சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமைவது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். தமிழ்நாட்டில் தாய்மார்களில் ஒருவரே குழுவின் தலைவர். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இக்குழுவின் கடமைகள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் குழுவின் பணி ஆலோசனை சொல்வதோடு நின்றுவிடுகிறது.

நான் குழு உறுப்பினர். கூட்டத்திற்குப் போனால் ஏற்கெனவே எழுதி வைத்த பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

இந்த ஒரு கேள்விக்காகவே நான் எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம். கையெழுத்திடுவதற்கு முன் தீர்மானத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை; கேட்டதற்காகத் தலைமை ஆசிரியர் வருத்தப்பட வேண்டிய காரியமும் இல்லை. தீர்மானம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை அடுத்ததாகக் கவனியுங்கள். "கழிப்பறை வசதியை மேம்படுத்தலாம் எனப் பேசப்பட்டது" என்ற வரியால் ஒரு செங்கல்கூட நகராது. "மாணவியர் கழிப்பறையில் மூன்று குழாய்களும் உடைந்துள்ளன, மானியத் தொகையிலிருந்து ஆகஸ்ட் மாதத்திற்குள் மாற்றுவது, பொறுப்பு இன்னார்" என்று எழுதினால், அடுத்த கூட்டத்தின் முதல் வேலையே அந்தப் பக்கத்தைப் புரட்டி, நடந்ததா இல்லையா என்று பார்ப்பதாகிவிடும்.

இதைவிடப் பெரிய கருவி 22-ஆம் பிரிவு சொல்லும் பள்ளி வளர்ச்சித் திட்டம். மூன்று ஆண்டுகளுக்கான இத்திட்டத்தில் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேரக்கூடும், எத்தனை ஆசிரியர்கள் தேவை, என்னென்ன கட்டட வசதிகள் வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் ஆகும் என்பதையெல்லாம் குழுவே கணக்கிட்டு எழுத வேண்டும். அரசும் உள்ளாட்சியும் வழங்கும் நிதிக்கு இத்திட்டமே அடிப்படை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பக்கத்து ஊர்த் திட்டத்தை அப்படியே நகலெடுத்து, பள்ளியின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டு, நிதி வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, உறுப்பினர்கள் எல்லோரும் வகுப்பறை வகுப்பறையாக நடந்து பாருங்கள். ஒழுகும் கூரை, நீரில்லாத தொட்டி, சாய்தளம் இல்லாததால் சக்கர நாற்காலி ஏற முடியாத படி என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்த பிறகு எழுத உட்காருங்கள்.

எங்கள் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து 48 பிள்ளைகள். ஆசிரியர் ஒருவரே இருக்கிறார். இது சரியா?

சரியன்று. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அட்டவணை. வருகைப் பதிவேட்டின்படி உள்ள எண்ணிக்கையைக் குறிப்பிட்டுக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

நான் பள்ளிக்கூடமே போனதில்லை, ஐயா. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் படிப்பைப் பற்றி ஆசிரியரிடம் எதைக் கேட்பது?

அம்மா, இதில் நீங்கள் தயங்கவே வேண்டாம். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமையாகவே 24-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. படித்த பெற்றோருக்கு மட்டும் என்று அது பிரித்துச் சொல்லவில்லை. "நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டால் "படிக்கிறாள்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, எழுத்தறிவும் எண்ணறிவும் வளர்க்க அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவள் அரும்பு, மொட்டு, மலர் ஆகிய மூன்று நிலைகளில் எதில் இருக்கிறாள் என்று கேளுங்கள். போன பருவத்தில் எந்த நிலையில் இருந்தாள் என்பதையும் கேளுங்கள். அவள் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உங்கள் முன்னால் படிக்கட்டும். தட்டுத்தடுமாறுகிறாளா, சரளமாகப் போகிறாளா என்பதை அறிய உங்களுக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் தினமும் கால் மணி நேரம் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பதும் படிப்பில் பங்கெடுப்பதுதான்.

தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு எங்களுக்கும் குழந்தைக்கும் நேர்முகத் தேர்வு என்கிறார்கள். நன்கொடையும் கேட்கிறார்கள்.

பெற்றோரையோ குழந்தையையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும், நன்கொடை வாங்கிக்கொண்டு இடம் தருவதையும் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்கு வரை விதிக்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துள்ளது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளில் மேலாண்மைக் குழு அமைக்கவும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பெருந்தொகை செலுத்தும் பெற்றோருக்கு அங்கே சட்டப்படி ஓர் இருக்கை இல்லாதது இச்சட்டத்தின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

குடும்பத்தோடு வேறு ஊருக்கு வந்துவிட்டோம். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் மகனைச் சேர்க்க மறுக்கிறார்கள். ஏழாம் வகுப்பு.

மறுக்க முடியாது. சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்பது 5-ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுப்பதையும் 14-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

ஆசிரியர் என் மகனை அடித்துவிட்டார். புகார் கொடுத்தால் பள்ளியில் அவனை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. அது இல்லாத பெற்றோர் குறைவு. உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் 17-ஆம் பிரிவு தடை செய்திருப்பதால், புகாருக்குப் பின் பையனைக் கடைசி வரிசையில் தனியே உட்கார வைத்தாலும், வகுப்பில் இழிவாகப் பேசினாலும் அதுவும் மீறலே. முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளியானால் குழுத் தலைவரிடமும் ஒரு படி கொடுங்கள். அங்கே தீராவிட்டால் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துவழி முறையிடலாம். மூன்று மாதங்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அம்முடிவும் நிறைவளிக்கவில்லை எனில் மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலிலும் தேதியும் முத்திரையும் கேட்டு வாங்குங்கள்; அந்த மூன்று மாதக் கணக்கு அத்தேதியிலிருந்துதான் தொடங்கும்.