வாசகர் கேள்வி: மழை வேண்டும் தேதி யார் குறித்தது?

யூதர்களின் வழிபாடு பற்றிப் போன இதழில் எழுதியதற்குக் கடிதங்கள் நிறைய. அவற்றில் பாதி இஸ்ரேல் அரசியல் பற்றியவை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஜெபம், சட்டம், பெயர் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

யூத நண்பர் வீட்டுக் கதவு நிலையில் ஒரு சிறு குழல் கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தது. நேராக்கிவிடட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஏன்? (ர.ச.)

நல்லவேளை, கேட்காமல் கை வைக்கவில்லை நீங்கள். அது மெசூசா. உள்ளே இருக்கும் தோல் சுருளில் வேதாகம நூலான உபாகமத்தின் இரண்டு பகுதிகள் கையால் எழுதப்பட்டிருக்கும். அதைச் செங்குத்தாக வைக்க வேண்டும் என்றார், 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி. இல்லை, படுக்கை வாக்கில்தான் வைக்க வேண்டும் என்றார் ரபேனு தாம். இந்த ரபேனு தாம் வேறு யாருமல்ல, ராஷியின் மகள் வயிற்றுப் பேரன். பின்னால் வந்த அஷ்கெனாசி யூதர்கள் (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா மரபினர்) தாத்தா மனமும் கோணாமல், பேரன் மனமும் கோணாமல் சுருளையே கோணலாக்கிவிட்டார்கள். ஸ்பெயின் மரபில் வந்த செபாராதிகள் தாத்தா பக்கம். அவர்கள் வீட்டில் நேராகவே நிற்கும்.

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு தல்மூத். அதன் அச்சிட்ட பக்கம் ஒன்றைப் பாருங்கள். நடுவில் மூலம், ஒரு பக்கம் ராஷியின் உரை, மறுபக்கம் பேரனின் வழிவந்தவர்களின் மறுப்பும் விளக்கமும். குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்ல, பரிமேலழகர் வேறொன்று சொல்வதைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இவர்கள் அந்த வேறுபாட்டை வாசற்கதவு வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள், அவ்வளவுதான்.

கூட்டு ஜெபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும் என்கிறார்களே, அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? பெண்களைச் சேர்ப்பார்களா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பத்துப் பெரியோர்கள், பத்து ஞானிகள் என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பீர்கள். கிடையாது. கானான் தேசத்தை வேவு பார்க்க மோசே 12 பேரை அனுப்புகிறார். யோசுவாவும் காலேபும் நல்ல சேதி சொல்கிறார்கள். மிச்சம் பத்துப் பேர் பயந்துபோய் ஜனங்களையும் பயமுறுத்துகிறார்கள். ‘இந்தப் பொல்லாத சபையார்’ என்று கடவுள் அவர்களைத்தான் கோபித்துக்கொள்கிறார். பத்துப் பேரைச் சபை என்று சொல்லிவிட்டதால் சபை என்றால் பத்துப் பேர் என்று தல்மூத் முடிவு கட்டிவிட்டது. திட்டு வாங்கிய கூட்டத்தை வைத்து வழிபாட்டுக் கூட்டத்தின் அளவைக் குறித்த இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். மனிதர்களை எண்ணிக்கையாக்கக் கூடாது என்ற தயக்கம். சங்கீதம் 28-இன் கடைசி வசனத்தில் எபிரேயத்தில் சரியாகப் பத்துச் சொற்கள். ஆளுக்கு ஒரு சொல் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். சொல் மிச்சமிருந்தால் ஆள் போதவில்லை.

பெண்கள் விஷயத்தில் பிரிவுக்குப் பிரிவு வேறு நடைமுறை. ஆர்த்தடாக்ஸ் பிரிவில் 13 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டுமே கணக்கு. சீர்திருத்தப் பிரிவு இரு பாலரையும் எண்ணுகிறது. அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவில் பெண்களையும் எண்ணலாம் என்று அவர்களுடைய சட்டக் குழு 1973-இல் அனுமதி தந்தது.

என்னோடு வேலை செய்பவர் அப்பா இறந்ததிலிருந்து தினமும் ஜெபக்கூடத்துக்குப் போய்க் கொண்டிருந்தார். ஒரு வருடம் ஆகும் முன்பே நிறுத்திவிட்டார். மனம் தளர்ந்துவிட்டாரா? (கு.வே.)

தளரவில்லை. விதிப்படி நடக்கிறார். அவர் சொல்லி வந்தது கதீஷ். பெரும்பகுதி அராமேய மொழியில் இருக்கும். இறந்தவருக்காகச் சொல்வதே தவிர, அதில் சாவு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கடவுளின் பெயர் மேன்மைப்படட்டும் என்ற புகழ்ச்சிதான் முழுக்க.

பொல்லாதவர்களுக்கு நரகத்தில் தண்டனை 12 மாதம் என்கிறது, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. பிள்ளை 12 மாதமும் கதீஷ் சொன்னால் என்ன அர்த்தம்? அப்பாவுக்கு முழுத் தண்டனையும் உண்டு என்று பிள்ளையே ஊருக்குச் சொன்னது போலாகிவிடும். அதனால் 11 மாதத்தோடு நிறுத்துவது வழக்கம் என்று 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோ நகர ரபி (யூத மதகுரு) மோசே இஸ்ஸர்லெஸ் எழுதி வைத்தார். அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் நினைவு நாளன்று சொல்வார்.

முந்தைய கேள்வியைக் கேட்ட மாணவியும் இதைப் படிக்க வேண்டும். 1916-இல் ஹென்ரியெட்டா சோல்டின் தாயார் இறந்தபோது, குடும்பத்தில் மகன் இல்லையே, நான் கதீஷ் சொல்கிறேன் என்று ஒரு நண்பர் முன்வந்தார். சோல்ட் அன்போடு நன்றி சொல்லி, அதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மறுத்துக் கடிதம் எழுதினார். ஹதாசா பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர் இவர்தான்.

டிசம்பர் 4-ஆம் தேதி ராத்திரியிலிருந்து மழைக்கு ஜெபம் செய்வார்களாமே? யூத நாட்காட்டி இருக்கும்போது ஆங்கிலத் தேதி எதற்கு? (ந.இ.)

வந்த கேள்விகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

அமீதா என்பது நின்றுகொண்டு மெல்லிய குரலில் சொல்லும் ஜெபம். அதில் விளைச்சலுக்கான ஆசியில் குளிர்காலத்தில் மட்டும் ‘பனியும் மழையும் தா’ என்று சேர்ப்பார்கள். இஸ்ரேலில் இதை ஹெஷ்வான் மாதம் 7-ஆம் நாள் தொடங்குகிறார்கள். அதற்கு முன் வரும் சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகை முடிந்தவுடனே மழை கேட்டால் என்ன? எருசலேமுக்கு யாத்திரை வந்தவர்கள் யூப்ரடீஸ் நதிக்கரை வரை நடந்தே திரும்ப வேண்டுமே. கடைசி ஆள் நனையாமல் போய்ச் சேர 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்றார் ரபான் கமாலியேல் என்ற பழங்காலச் சட்ட அறிஞர். அந்த யாத்திரைக்குரிய ஆலயம் இடிந்தது கி.பி. 70-இல். அந்த 15 நாள் இன்றும் இருக்கிறது.

பாபிலோன் (இன்றைய ஈராக்) யூதர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் மழை வேண்டாம். இலையுதிர் காலத்துச் சம இரவு நாளிலிருந்து 60-ஆம் நாள் கேட்டால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். இது சூரியக் கணக்கு. யூத மாதங்களோ நிலவின் கணக்கு. அதனால்தான் யூதத் தேதி இதற்கு உதவவில்லை.

சிக்கல் இனிமேல்தான். ஆண்டுக்கு 365¼ நாள் என்பது சாமுவேல் என்ற பாபிலோனிய அறிஞரின் கணக்கு. ஜூலியன் நாட்காட்டியின் கணக்கும் அதேதான். உண்மையான ஆண்டு அதைவிடச் சில நிமிடம் குறைவு. நூற்றாண்டுக் கணக்கில் அந்த நிமிடங்கள் சேர்ந்து, செப்டம்பர் 22, 23 வாக்கில் வரும் சம இரவு இவர்கள் கணக்கில் அக்டோபர் 7 ஆகிவிட்டது. அதிலிருந்து 60 நாள் எண்ணினால் டிசம்பர் 5. யூதர்களுக்கு நாள் முந்தின மாலையே தொடங்குவதால் டிசம்பர் 4 இரவு. லீப் ஆண்டுக்கு முந்தைய டிசம்பரில் மட்டும் ஒரு நாள் தள்ளிப் போகும். 2100-க்குப் பிறகு நிரந்தரமாகவே ஒரு நாள் நகர்ந்துவிடும்.

இஸ்ரேலுக்கு வெளியே எல்லோரும் பாபிலோன் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். லண்டன்காரரும் ஈராக் வயலுக்கு ஏற்ற தேதியில்தான் மழை கேட்கிறார்! இது நியாயமா என்று உள்ளேயே கேட்டிருக்கிறார்கள். அந்தந்த நாட்டின் தேவைப்படி கேட்பதே சரி என்று 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் தொலேதோவில் ரபி ஆஷெர் வாதாடினார். யாரும் ஏற்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் குடியேறியவர்கள், எங்களுக்குப் பருவமே தலைகீழ், என்ன செய்வது என்று சலோனிக்காவின் ரபி ஹயிம் சபெத்தாயிடம் கேட்டார்கள். தேவைப்படும்போது, சொந்த வேண்டுதல்களுக்கான ஆசியில் சேர்த்துக் கேளுங்கள் என்று வழி சொன்னார். என்னைக் கேட்டால் ரபி ஆஷெர் பக்கம்தான் நியாயம். தோற்றவரின் வாதமும் முழுசாக நூலில் இருப்பதால் அப்படிச் சொல்ல முடிகிறது.

நோயாளிக்காக ஜெபிக்கும்போது மட்டும் தாயின் பெயரைச் சொல்கிறார்களே? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்களா? (பெ.மு.)

ஜெபக்கூடத்தில் வேதமான தோரா வாசிக்க அழைக்கும்போது ‘தாவீத் பென் யோசேஃப்’, அதாவது யோசேப்பின் மகன் தாவீது என்று தந்தை பெயரோடு கூப்பிடுவார்கள். கல்லறைக் கல்லிலும் அப்படியே. நோயாளிக்கான ஜெபத்தில் தாய் பெயர் வரும். ‘நான் உமது அடியாளின் மகன்’ என்ற சங்கீத வரியை இதற்குக் காட்டுவார்கள். நோய் கடுமையானால் ஹயிம் (வாழ்வு), ரஃபாயேல் (கடவுள் குணமாக்குகிறார்) என்று ஒரு பெயரைக் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு. விதியை மாற்றக்கூடியவற்றில் பெயர் மாற்றமும் ஒன்று என்று தல்மூத் சொல்கிறது. மதம் மாறி வந்தவருக்குத் தந்தை பெயர் ஆபிரகாம்.

தாத்தா உயிரோடு இருந்தால் அவர் பெயரை அஷ்கெனாசிகள் வைக்க மாட்டார்கள். செபாராதி தாத்தாவோ தன் பெயரை வைக்கவில்லையென்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். இந்த இரு பிரிவும் கலந்த திருமணம் என்றால், ஆண் குழந்தை பிறந்த எட்டாம் நாள் பெயர் வைக்கும் வரை வீட்டில் பேச்சுவார்த்தைதான். இதற்கு மேலே ஒன்று: தாயின் பெயருள்ள பெண்ணைக் கட்டாதே என்று 1217-இல் இறந்த ரெகன்ஸ்பர்க் ரபி யெஹூதா உயில் எழுதிவிட்டுப் போனார். இன்றும் அதைப் பார்த்துச் சம்பந்தத்தை விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு.

எருசலேமை நோக்கித்தான் ஜெபிக்க வேண்டும் என்றால் விமானத்தில் என்ன செய்வார்கள்? (ஜோ.)

கழுதையில் போகிறவன் இறங்கி ஜெபிக்கட்டும், இறங்க முடியாவிட்டால் முகத்தைத் திருப்பட்டும், அதுவும் முடியாவிட்டால் மனதைத் திருப்பட்டும் என்கிறது மிஷ்னா. கப்பலில், வண்டியில், தெப்பத்தில் இருப்பவனுக்கு மனதைத் திருப்பினாலே போதும். விமானத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இருக்கையில் அமர்ந்தபடியே ஜெபிக்கவும் அனுமதி உண்டு, ஆகவே நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.