சுருக்குப்பையில் ஒரு செம்பு ரூபாய்

அன்புள்ள ஐயா,

பாட்டியின் சுருக்குப்பையில் விக்டோரியா ராணியின் 1862 வெள்ளி ரூபாய் ஏழு இருந்தன. ஒன்றில் மட்டும் விளிம்பு பிளந்து செம்பு தெரிகிறது. ராணியின் கன்னம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் ஓரிடத்தில் கொப்புளம்போல எழும்பியிருக்கிறது. நகைக்கடையில் "முலாம் பூசினது, தூக்கிப் போடுங்க" என்றார்கள். புளி போட்டுத் தேய்த்தேன், சிவப்பு அதிகமாகிவிட்டது. முலாமை எப்படிப் பூசினார்கள்? இதற்கு விலை உண்டா? பாவம், விவரம் தெரியாத பாட்டியை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

புளியை யார் போடச் சொன்னது? செம்பின் மேலிருந்த கறுப்பு போய்ப் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். கூடவே, இத்தனை வருடம் தாங்கிய வெள்ளித் தோலையும் கொஞ்சம் தேய்த்திருப்பீர்கள். மற்ற ஆறையும் தொடாதீர்கள். விலையை நான் சொல்லப்போவதில்லை.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. மின்சார முலாம், எல்கிங்டன் 1840இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய பிறகு பரவியது. அதில் வெள்ளி எல்லா இடத்திலும் மெல்லிசாகப் படியும். தேயும்போது மேடான இடம், அதாவது ராணியின் கன்னம், முதலில் சிவக்கும். உங்கள் காசில் கன்னம் வெளுப்பு, விளிம்பில் பிளவு, கொப்புளம் வேறு. தகடு போர்த்திய காசாகவே தெரிகிறது. ரோமாபுரியின் டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசுக்கே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். செம்பு வில்லையை வெள்ளித் தகட்டால் மூடி நெருப்பில் வைப்பார்கள். வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085. ஆனால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் 779 டிகிரியிலேயே கலந்து உருகும். தட்டான்போலப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதாமலே தகடு பற்றிக்கொள்ளும். அப்புறம் அச்சில் வைத்து அடிப்பார்கள். சரியாகப் பற்றாத இடம் பின்னால் கொப்புளிக்கும், தகடுகள் சேரும் விளிம்பு விரியும். எடையும் போட்டுப் பாருங்கள். நல்ல ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதே அளவில் செம்பு என்றால் ஒன்றரை கிராம் குறையும்.

சரி, இது கிடக்கட்டும். "விவரம் தெரியாத பாட்டி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. காசைச் சோதிப்பதற்கு நோட்டம் என்று நம்மிடம் ஒரு சொல் இருந்தது. சங்க காலத்தில் நோட்டம் பார்ப்பவன் வண்ணக்கன். அந்தத் தொழில்பெயரோடு புலவர்களே இருக்கிறார்கள். சந்தையில் ஆடும் கோழியும் விற்ற பெண்கள் ஒவ்வொரு ரூபாயையும் சுண்டிக் காதால் கேட்டு, விளிம்பை நகத்தால் வருடித்தான் வாங்கினார்கள். அவர்களுக்கு விவரம் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

எங்கள் அப்பத்தா ஒருமுறை இரண்டு கிடாய் விற்றாள். அந்தி மயங்கிவிட்டது, வியாபாரி அவசரப்படுத்தினான். வீட்டுக்கு வந்து அம்மிக்கல்லில் போட்டதுமே ஒரு ரூபாய் சத்தத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு ரூபாய் அன்று அந்த வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. "அடுத்த சந்தையில இருட்டுனதும் தள்ளி விட்டுரு" என்றார் தாத்தா. அப்பத்தா மாட்டேன் என்றாள். "வாங்குறவ வீட்டுல அன்னைக்கு உலை ஏறாது" என்றாளாம். அந்த வருஷம் விதைக்கடலைக்குக் கடன் வாங்கினார்கள். அப்போதும் அவள் அதை வெளியே எடுக்கவில்லை. அவள் போன பிறகு, துணியில் மூன்று முடிச்சுப் போட்டபடி அது கிடைத்தது. மற்ற காசோடு கலந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறாள்.

கள்ளக்காசு கைமாறிக்கொண்டே போகும் தம்பி. உங்கள் பாட்டியிடம் வந்தது அங்கேயே நின்றுவிட்டது. ஏமாந்தவள் என்று அவளைச் சொல்லாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். சுருக்குப்பையில் ஏழும் ஒன்றாகக் கிடந்தனவா, இல்லை அந்த ஒன்று மட்டும் தனியாக முடிந்து வைக்கப்பட்டிருந்ததா? நினைவிருந்தால் எழுதுங்கள்.